ஒரே ஊர், ஒரு முழுப் பகல்

(மயிலாடுதுறையில் நூலக வாசகர்கள் கூடிய மார்கழி மாலை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் ஊரில் முடவன் முழுக்கு என்று ஒன்று உண்டு. உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி மாதம் முழுக்கத் துலாக் கட்டத்தில் காவிரியில் முழுகுவார்கள். மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நடக்க முடியாத ஒருவர் எங்கிருந்தோ தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது. அவருக்காக மயூரநாதர் அந்தப் புண்ணியத்தை இன்னொரு நாள் நீட்டிக் கொடுத்தார் என்பது ஐதீகம். அதனால்தான் கார்த்திகை முதல் தேதியும் இங்கே முழுக்கு. மெதுவாக வருகிறவருக்காகத் தேதியையே தள்ளிவைத்த ஊர்க்காரர்கள் நாம். அதே நாம் குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே கிளம்பினால் என்ன செய்கிறோம்? "அம்மா, சீக்கிரம் ஏறுங்க, இன்னும் நாலு இடம் பாக்கி இருக்கு" என்று விரட்டுகிறோம்.

இன்று நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். ஒரு நாள் பயணத்துக்கு ஒரு ஊர் போதும். அந்த நாள் எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பதை, வீட்டில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவர் தீர்மானிக்கட்டும். இதை ஒப்புக்கொண்டுவிட்டால் மற்ற ஏற்பாடெல்லாம் தானாக அமைந்துவிடும். ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம்.

ஏன் கஷ்டம் என்று கேட்டால், நமக்கு ஊரைச் சுற்றிலும் பார்க்க வேண்டியவை அதிகம். நவக்கிரகத் தலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு, கஞ்சனூர், சூரியனார்கோயில், திருநாகேஸ்வரம், ஆலங்குடி, திங்களூர். ஒன்பதையும் ஒரே பகலில் பார்த்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். வேண்டுதல் என்றால் அது வேறு கணக்கு, அதைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் வேண்டுதலுக்காகக் கற்றுக்கொண்ட அந்த ஓட்டத்தையே பிள்ளைகளின் விடுமுறைக்கும் கொண்டு வந்துவிட்டோம்.

இன்னொரு காரணம் வாடகை வண்டி. எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் என்று பேசி வண்டி எடுக்கிறோம். தரங்கம்பாடி போய்த் திரும்ப அறுபது கிலோமீட்டர்கூட ஆகாது. உடனே நம் வீட்டுக் கணக்குப்பிள்ளை விழித்துக்கொள்வார். "மிச்சம் இருபது கிலோமீட்டர் சும்மா போகுதே, அப்படியே பூம்புகாரையும் பார்த்துடலாம்." பூம்புகார் சேர்ந்ததும் இருபது நாற்பதாகிறது. நாற்பதானபின், வழியில்தானே இருக்கிறது என்று கீழப்பெரும்பள்ளம் சேர்கிறது. இருட்டிய பிறகு வீடு திரும்பும்போது பாட்டி பேசுவதில்லை, குழந்தை அழுகிறது, ஓட்டுநர் கூடுதல் கிலோமீட்டருக்குக் கணக்குப் போடுகிறார்.

நம் முன்னோர்கள் இப்படிப் போகவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு எங்கே போனார்கள்? பக்கத்து ஆற்றங்கரைக்கு. ஒரே படித்துறை. தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், புளியோதரை, தயிர்ச் சாதம். சாப்பிட்டார்கள், பேசினார்கள், வெயில் தணிந்ததும் எழுந்து வந்தார்கள். காணும் பொங்கலும் அப்படித்தான். அடுத்து எங்கே என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அடுத்து வீடுதான். நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆடிப் பதினெட்டின் நிதானத்தை இன்னொரு நாளுக்கும் இன்னொரு ஊருக்கும் எடுத்துப் போனால் போதும்.

அந்த இன்னொரு ஊராகத் தரங்கம்பாடியை வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே நம்மில் பாதிப்பேர் ஒழுங்காகப் பார்க்காத ஊர். மூத்தவர்கள் ரயிலில் போயிருப்பீர்கள். 1926ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று நின்று நின்று போகும். 1986ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது பேருந்தில் போனால் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

இந்த ஊரை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் அளவு. பழைய டேனிஷ் நகரத்துக்குள் நுழைய ஒரு வாசல் இருக்கிறது, 1792ல் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜ வீதி. இரு பக்கமும் பழைய கட்டடங்கள், தேவாலயங்கள். வீதி முடிகிற இடத்தில் கோட்டை, கோட்டைக்கு அப்பால் கடல். முட்டிவலிக்காரர்கள் நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாலும் அரை மணி நேரத்தில் கடலைத் தொட்டுவிடலாம். வழி தவறவே முடியாது. பத்து வயதுப் பையனைத் தனியாக முன்னால் நடக்கவிடலாம், கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே இருப்பான். பெரிய ஊர்களில் இந்த வசதி கிடையாது. அங்கே பாதிப் பகல் வண்டி நிறுத்த இடம் தேடுவதில் போகும்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். நான் வரலாறு கற்பித்தவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நீளமாகப் பேச அனுமதி வேண்டும்.

1620ல் டென்மார்க்கிலிருந்து ஓவே கெட்டே என்ற கடற்படைத் தலைவர் கப்பல்களோடு வருகிறார். தஞ்சையில் அப்போது ரகுநாத நாயக்கர் ஆட்சி. உடன்படிக்கை ஆகிறது, கோட்டை கட்ட இடம் கிடைக்கிறது. டேன்ஸ்போர்க் என்று பெயர் வைக்கிறார்கள். டேனிஷ் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் ஓலை எழுதி அனுப்புகிறார், தமிழில். அந்தத் தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இதைக் கோட்டை வாசலில் நின்று ஒரு குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். "தங்கத்துல யாராவது லெட்டர் எழுதுவாங்களா தாத்தா?" என்று கேட்கும். அந்த ஒரு கேள்வி போதும், அருங்காட்சியகத்தின் எல்லாக் கண்ணாடிப் பெட்டிகளையும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்க், புளுட்சோ என்ற இரண்டு இளைஞர்கள் இந்தக் கரையில் இறங்கினார்கள். ஜெர்மானியர்கள், டேனிஷ் அரசர் அனுப்பி வந்தவர்கள். சீகன்பால்குக்குத் தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிக் கற்றுக்கொண்டார். சில ஆண்டுகளில் அச்சுக்கூடம் வந்தது. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ல் தமிழில் அச்சாகி முடிந்தது. ஐரோப்பாவில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் பெரிதாக இருந்தன, காகிதம் நிறையத் தின்றன. அதனால் சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை இங்கேயே உருக்கிச் சின்ன எழுத்துகளை வார்த்தார்கள் என்று சொல்வார்கள். காகிதத்துக்கும் தட்டுப்பாடு வந்து, பொறையார் பக்கத்தில் காகிதப் பட்டறை போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் அங்கே இன்றும் வழங்குகிறது. 1718ல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார் சீகன்பால்க். மறு ஆண்டே இறந்தார், அங்கேயே அடக்கம். வயது நாற்பதுகூட ஆகவில்லை.

நூலகத்தில் நின்று பேசுகிறேன், அதனால் சொல்கிறேன்: தமிழ்ப் புத்தகத்தை நேசிக்கிற குடும்பம் வாழ்நாளில் ஒரு முறையாவது அந்த வீதியில் நடக்க வேண்டும்.

1845ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். துறைமுகத்தின் மவுசு குறைந்தது. வியாபாரம் வேறு ஊர்களுக்குப் போனது. வியாபாரம் போனதால்தான் பழைய வீதி இடிபடாமல் மிஞ்சியது என்பது என் எண்ணம். வளர்ந்திருந்தால் அங்கேயும் கண்ணாடி முகப்புக் கடைகள் வந்திருக்கும், நாமும் போக மாட்டோம்.

கோட்டைக்கு வடக்கே கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் குலசேகரன் காலத்தது, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருப்பதற்கு முன்னால் இப்போது பாறாங்கற்களைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். தேவாலயத்துக்குப் போகிறவர்கள் இதையும், இதற்குப் போகிறவர்கள் தேவாலயத்தையும் பார்க்கலாம். இரண்டும் பொடிநடை.

வரலாறு போதும். இனி நேரத்துக்கு வருகிறேன். நாளைக் கெடுப்பதும் காப்பதும் அதுதான்.

நம் கடற்கரையில் காலை பத்திலிருந்து மாலை மூன்றரை வரை வெயில் ஆள்கிறது. தை மாதத்திலும் அப்படித்தான். சித்திரை, வைகாசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த மாதங்களில் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தையும் மாசியும் நமக்காகவே வைத்த மாதங்கள். காலை ஆறு மணிக்கு முதல் ஆள் வண்டியில் ஏறிவிட்டால் ஏழரைக்குள் அங்கே இருக்கலாம். முதலில் டிபன். சாப்பிடாத குழந்தைக்குக் கடல்கூடப் பிடிக்காது. பிறகு வாசலிலிருந்து வீதி நடை. வெயில் ஏறத் தொடங்கும்போது கோட்டைக்குள் நுழைய வேண்டும். பத்து மணிக்குத் திறக்கிறது. தடித்த சுவர், வளைந்த கூரை, உள்ளே குளுமை. கீழ்த் தளத்துக் கிடங்குகளிலும் சிறையறைகளிலும் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவார்கள். மேல்தளத்துக்குப் படியேற முடியாதவர்கள் கீழேயே நிழலில் இருக்கட்டும். யாராவது ஒருவர் அவர்களோடு இருக்க வேண்டும், முறைவைத்து. தாத்தாவைக் கைப்பையோடு ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு எல்லோரும் மேலே போய்ப் படம் எடுத்துக்கொண்டிருப்பதை நான் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். பையைக் காப்பதற்கா அவரைக் கூட்டி வந்தோம்?

பன்னிரண்டு மணிக்குக் கோட்டையிலிருந்து வெளியே வருகிறீர்கள். இப்போது என்ன? இதற்கு விடை இல்லாத பயணத் திட்டம் திட்டமே அல்ல. பெரும்பாலான குடும்பங்கள் இந்த மூன்று மணி நேரத்தில்தான் சண்டை போடுகின்றன. கோயில்கள் நடை சாத்தியிருக்கும். மணல் கொதிக்கும். போக்கிடம் இல்லாமல் வண்டியில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்வார்கள், இல்லாவிட்டால் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் சொல்லும் வழி எளிது: ஒரு அறையைப் பகலுக்கு மட்டும் எடுத்துவிடுங்கள். தரங்கம்பாடியிலேயே பழைய பங்களாக்களில் தங்கும் இடம் இருக்கிறது, கொஞ்சம் விலை அதிகம். கட்டுப்படியாகாதவர்களுக்குத் திருக்கடையூர் பக்கத்தில்தான். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ள அபிராமி சன்னிதிக்கு வருகிறவர்களுக்காக அங்கே விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. முகூர்த்தம் இல்லாத நாளில் அறை சுலபமாகக் கிடைக்கும். ஒரு அறை, இரண்டு பாய், ஒரு கழிப்பறை, மின்விசிறி. பெரியவர்கள் கண்ணயர்வார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு மருந்து போடுவார்கள். கைக்குழந்தைக்காரி நிம்மதியாகப் பால் கொடுப்பாள். ஐந்து மணி நேரத்துக்கு எதற்கு அறை, தண்டச் செலவு என்று தோன்றும். இரண்டாவது ஊருக்குப் போகும் பெட்ரோல் காசையும் வழியில் வாங்கும் கண்ட கண்ட பண்டத்தையும் கூட்டிப் பாருங்கள், இது பெரிய தொகையாக இருக்காது. அந்த மதியத் தூக்கம்தான் மாலையைக் கொடுக்கிறது.

கழிப்பறை என்றேன். மேடையில் பேசக்கூடாத விஷயமாக இதை வைத்திருக்கிறோம். நம் வீட்டுப் பெண்கள் பயணம் என்றால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள், ஏன் என்று ஆண்கள் கேட்பதில்லை. மூத்த ஆண்களுக்கும் அந்தப் பாடு உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள். ஆகவே திட்டம் போடும்போது எந்த இடத்தைப் பார்ப்பது என்பதற்கு முன்னால், எந்தெந்த நேரத்தில் எங்கே நல்ல கழிப்பறை என்று எழுதிக்கொள்ளுங்கள். காலையில் டிபன் சாப்பிடும் ஓட்டல், மதியம் அறை, மாலை கிளம்புமுன் மறுபடி அறை. அறை எடுக்கச் சொன்னதற்கு இதுவே பாதிக் காரணம்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். கட்டுச்சோறு நல்லதுதான். ஆனால் ஒருத்தி மூன்று மணிக்கு எழுந்து, மூன்று வேளைக்கும் சமைத்து, தூக்குகளைக் கட்டி, கடைசி ஆளாகக் குளித்துவிட்டு ஓடிவந்து ஏறுகிறாள். வண்டி செம்பனார்கோயில் தாண்டுவதற்குள் தூங்கிப்போகிறாள். மற்றவர்களுக்கு அது உல்லாசம். அவளுக்கு இடம் மாறிய அடுக்களை. ஆகவே ஒரு வேளைக்கு மேல் கட்டிக்கொண்டு போகக் கூடாது என்று சட்டம் போடுங்கள். காலை டிபன் கடையில். இரவுக்கு வீடு வந்து ரசம் சாதம், அப்பளம். மதியத்துக்கு மட்டும் கட்டுச்சோறு. அதிலும் புளிக்காய்ச்சலை முதல் நாள் மாலையே காய்ச்சி வைத்துவிடலாம். வீட்டு ஆண்கள் அடுப்பு முன் நின்று எண்ணெய் பிரியும் வரை கிளறட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. காலையில் ஒரு குக்கர் சோறு வடித்து, ஆறவிட்டு, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் முடிந்தது. தயிர்ச் சாதத்துக்குச் சோற்றைக் குழைய வடித்து, நிறையப் பால் ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் சேர்க்க வேண்டும். மதியம் திறக்கும்போது சரியாகத் தோய்ந்திருக்கும், புளித்திருக்காது. தேங்காய்ச் சட்னியைத் தொடவே தொடாதீர்கள், பதினொரு மணிக்கே ஊசிப்போகும். மாவடு, நார்த்தங்காய், வறுவல் போதும். சூடான சோற்றை டப்பாவில் போட்டு மூடினாலும் கெட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும், அவசரத்தில் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.

ஓட்டுநருக்கும் அதே இலையில் பரிமாறுங்கள். பேட்டா கொடுத்துவிட்டோம் என்று விட்டுவிடக் கூடாது. மதியம் அவரும் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கட்டும். இரவு நம் குடும்பம் முழுவதும் அவர் கண்ணை நம்பித்தான் திரும்புகிறது.

மூன்றரைக்குமேல் மறுபடி கடற்கரை. நமக்குக் கடல் கிழக்கில். சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப் போய் ஏமாற்றாதீர்கள். ஆனால் கிழக்குக் கடலுக்கு வேறு இரண்டு சௌகரியம் உண்டு. ஒன்று, சாயங்காலம் கோட்டையின் நிழல் கடல் பக்கமாக விழும். நிழலில் ஜமக்காளத்தை விரித்துக்கொண்டு மடக்கு நாற்காலி ஒன்றிரண்டைப் போட்டால் பெரியவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். இன்னொன்று பௌர்ணமி. பௌர்ணமியன்று இந்தப் பக்கம் சூரியன் இறங்குகிற நேரத்திலேயே அந்தப் பக்கம் கடலிலிருந்து நிலா எழும்பும். செலவில்லாத காட்சி. நாள் குறிக்கும்போது விடுமுறைப் பட்டியலோடு பஞ்சாங்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.

குழந்தைகளுக்கு அங்கே ராட்டினம், பஞ்சுமிட்டாய் என்று எதையும் தேட வேண்டாம். மணல் இருக்கிறது. ஒரு சின்னக் குச்சி இருந்தால் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆடலாம். நீளமாக மணல் கரை குவித்து, உள்ளே குச்சியை ஒளித்து, எதிராளி இரு கையையும் கோத்து மூடிக் கண்டுபிடிக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் பேரன்களுக்கு இது தெரியாது. சொல்லிக் கொடுக்க வேண்டிய பாட்டிக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை. நாள் முழுதும் அவளை இடம் இடமாக இழுத்துக்கொண்டு அலைந்திருந்தால் இதற்கு அவளுக்குத் தெம்பு இருந்திருக்குமா? வயதுக்கு வந்த பிள்ளைகள் விஷயம் வேறு, அவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு தள்ளி உட்கார்வார்கள். உட்காரட்டும். அன்றைய செலவுக் கணக்கையும் பணத்தையும் அவர்களில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பொறுப்பு வந்தால் தலை நிமிரும்.

கடலில் இறங்குவதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கால் நனைக்கலாம், குளிக்கக் கூடாது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்களில் பாசி வழுக்கும், இடுக்குகள் ஆழம். அதில் ஏறிப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். மீனவர்கள் உலர்த்தியிருக்கும் வலைகளை மிதித்துக்கொண்டு நடக்காதீர்கள், அது அவர்கள் பிழைப்பு. டிசம்பர் 26 அன்று அங்கே உல்லாசமாகப் போகாதீர்கள். அரையாண்டு விடுமுறையில் அந்தத் தேதி வந்துவிடுகிறது, அதனால் சொல்கிறேன். 2004ல் அன்றைக்கு வந்த சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள், தரங்கம்பாடியும் அப்போது அந்த மாவட்டம்தான். அந்த நாளில் கடற்கரைக் கிராமங்கள் அஞ்சலி செலுத்துகின்றன. நாம் ஜமக்காளத்தை விரிக்கும் நாள் அதுவல்ல.

சிலர் இந்த ஊரில் ஓசோன் நிறைந்த காற்று வீசுகிறது, ஆரோக்கியத்துக்கு நல்லது என்று எழுதுகிறார்கள், விளம்பரமும் செய்கிறார்கள். மூச்சில் போகிற ஓசோன் நுரையீரலுக்கு ஆகாது என்று எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். கடற்காற்று கடற்காற்றாகவே நன்றாக இருக்கிறது, அதற்கு இல்லாத பட்டம் எதற்கு?

இன்னொரு எச்சரிக்கை, ஆண்களுக்கு. மாலை நாலு மணிக்கு மாப்பிள்ளையும் மச்சானும் ஒரு ஓரமாகப் போய் நின்று பேசுவார்கள். பிறகு ஒருவர் வந்து, "சும்மா காரைக்கால் வரைக்கும் போயிட்டு வந்துடறோம், அரை மணி நேரம்" என்பார். எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அரை மணி இரண்டு மணியாகும், நிலா மேலே வந்துவிடும், வண்டிக்குள் பேச்சு நின்றுவிடும். காரைக்காலுக்கு ஒரு நாள் தனியாகப் போங்கள், அம்மையார் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு வேண்டாம்.

பூம்புகாரை விடலாமா, சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் பார்க்க வேண்டும். அதற்கு இன்னொரு நாள். அபிராமி சன்னிதிக்கு இன்னொரு நாள். அவையெல்லாம் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி இருக்கவில்லை, நம் வீட்டிலிருந்து பேருந்து தூரம். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் மறுபடி வர முடியுமோ முடியாதோ என்று ஓடுகிறான், அவனுக்கு நியாயம் இருக்கிறது. நமக்கு என்ன நியாயம்? இன்று பார்க்காமல் விட்டதை மாசியில் பார்க்கலாம். திரும்பி வரும்போதே பேரன், "அடுத்த தடவை அந்தக் கோயிலுக்கு" என்று சொன்னால் இந்தப் பயணம் தேறிவிட்டது என்று அர்த்தம். "இனிமே உங்களோட வரமாட்டேன்" என்று சொன்னால் நாம் ஊர் ஊராகக் காட்டியது ஒன்றும் கணக்கில் வராது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தத் தையில் திட்டம் போடும்போது தாளையும் பேனாவையும் வீட்டில் மூத்தவரிடம் கொடுங்கள். "எங்கே போகலாம்" என்று கேட்க வேண்டாம், நமக்காக அவர் ஏதாவது விட்டுக்கொடுத்துச் சொல்லிவிடுவார். "எவ்வளவு நேரம் உட்காரணும், எப்போ படுக்கணும், எப்போ சாப்பிடணும்" என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் சுற்றி மற்றதை அமையுங்கள். காணும் பொங்கலன்று போகாதீர்கள், அன்றைக்குக் கூட்டம் தாங்காது. வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மற்ற நாட்களில் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு ஒரு புதன்கிழமையாகப் பார்த்து விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.